அடிபடாத கொய்யா

"வாரத்துக்கு எத்தனை தடவை பழம் சாப்பிடுவீங்க?"

என் பழக்கடை வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் இப்படிக் கேட்க ஆரம்பித்தாள். கையில் சிலேட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டர். கழுத்தில் ஆபீஸ் அட்டை. கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. காற்று வாங்க வந்தவள் மாதிரி என் வாழைத்தார்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வியாபாரம் நடக்கிற நேரத்தில் ஆளை மறித்து மறித்துக் கேட்டாள்.

கேள்வியைவிட, ஜனங்கள் சொன்ன பதிலைக் கேட்டுத்தான் எனக்கு வயிறு எரிந்தது. குவார்ட்டர்ஸிலிருந்து வரும் ஒருவர், "டெய்லி சாப்பிடுவேன்மா, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றார். அவரை எனக்கு வெகுகாலமாகத் தெரியும். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அவர் என் கடைக்கு வருவார். அரை டஜன் சாத்துக்குடி வாங்குவார், அந்தப் பை அவர் வீட்டு வாசற்படியைப் பார்க்காது, நேராக பஸ் ஏறிவிடும். இன்னொரு அம்மா, "எங்க வீட்ல எல்லாருக்கும் ஆப்பிள்னா உயிரு" என்றாள். அந்த அம்மா ஆப்பிள் வாங்குவது வரிசைத் தட்டுக்கு. சிவப்பாக இருக்கிறதா, ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்ப்பாள். இனிக்குமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஏன் கேட்கப்போகிறாள்? தின்னப்போவது சம்பந்தி வீடு.

அந்தப் பெண் எல்லாவற்றையும் அப்படியே குறித்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, அவங்க சொல்றதெல்லாம் நெசம்னு நெனச்சி எழுதிக்கினு கீறியா?"

"அவங்க சொல்றதைத்தான்மா எழுதணும். நானா மாத்தக் கூடாது."

"அப்ப என்னைக் கேளு. இந்த ஆவடியில எவன் ஊட்டுக்கு இன்னா பழம் போவுதுன்னு நான் சொல்றேன்."

"உங்களையும் கேப்பேன்மா. கடைக்காரங்களுக்குக் கேள்வி வேற."

நான் யார் என்று அவளுக்குத் தெரியாது, அதனால் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் அம்மாவோடு நாற்று நடப் போய்விட்டேன். திருநின்றவூரில் கூடை நிறையக் கொய்யா ஏற்றிக்கொண்டு மின்சார ரயிலில் லேடீஸ் பெட்டியில் விற்றவள் நான். கதவோரக் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ஓடுகிற ரயிலில் கொய்யாவை நாலாகப் பிளந்து மிளகாய்த்தூளும் உப்பும் தடவிக் கொடுப்பேன். ஒரு தடவைகூடக் கையை வெட்டிக்கொண்டதில்லை. அம்பத்தூர் தாண்டுவதற்குள் கூடை காலியாகிவிடும். அந்தக் கூடையிலிருந்துதான் இந்தக் கடை வந்தது, மாடி வீடு வந்தது, மகன் இன்ஜினியரிங் படித்தான். என் வீட்டுக்காரர் டிஃபென்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், நல்ல மனுஷர், குடிக்க மாட்டார். அவர் சம்பளம் அரிசி பருப்புக்குச் சரியாக இருக்கும். செங்கல்லும் சிமென்ட்டும் என் பழம். கோயம்பேடு மண்டியில் நான் ஒரு பெட்டியில் கை வைத்துவிட்டால் வேறு யாரும் அதைப் பேரம் பேச வர மாட்டார்கள்.

இவ்வளவையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சூப்பர்மா. உங்க வீட்ல பழம் சாப்பிடுவீங்களா?" என்றாள்.

"எங்க ஊட்லயா? தெனமும் பழம்தான்!"

அது பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில்தான் வந்தது எல்லா வினையும்.

அவளுடைய ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இருக்கிறது. புதுசு புதுசாகப் பழம் கண்டுபிடிப்பதுதான் அவர்கள் வேலையாம். பழத்தில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, அது பாட்டுக்கு மரத்தில் காய்க்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர்கள் புதிதாக ஒரு கொய்யா கொண்டுவந்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நம் கொய்யா மாதிரியே இருக்கும். வெட்டினால் உள்ளே விதையே கண்ணில் படாது. வாங்கி வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் ஆனாலும் மெத்துப்போகாது, அழுகாது என்றாள்.

"வெதையில்லாம கொய்யாவா? அப்பால அதுக்கு இன்னாத்துக்கு கொய்யான்னு பேரு?"

"விதை பல்லுல மாட்டிக்குதுன்னு நிறைய பேர் சொன்னாங்கம்மா. அதை வச்சித்தான் இதை உருவாக்கினோம்."

"உன்கிட்ட ரெண்டு வேளையும் பழம் துன்றேன்னு சொன்னாரே, அந்த மாரி ஆளுங்கதானே சொன்னாங்க?"

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆனால் அடுத்து அவள் சொன்னதைக் கேட்டு நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன். இந்தக் கொய்யா வருகிற சீசனில் விற்பனைக்கு வருகிறது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் ஒரே ஒரு கடைக்குத்தான் முதல் சீசன் முழுக்கக் கொடுப்பார்களாம். வேறு யாரிடமும் கிடைக்காது. கடைக்கு போர்டு வைத்துத் தருவார்கள். கடைசியாக இரண்டு கடைகளைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்று என் கடை. இன்னொன்று தெருமுனையில் போன வருஷம் திறந்தார்களே, ஏ.சி. போட்ட பெரிய கடை, அது.

அந்தக் கடையைப் பற்றி நான் என்ன சொல்ல? அங்கே கொய்யாவுக்கு வலைத் தொப்பி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள், காது குத்துக்கு வந்த குழந்தை மாதிரி. என்னிடம் வருஷக்கணக்காக வாங்கியவர்கள் அங்கே போய் வாங்கிவிட்டு, என் கடையைத் தாண்டும்போது பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு போகிறார்கள். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு. அவர்களிடம் இல்லாத ஒரு பழம் என்னிடம் இருந்தால், அந்தக் கைகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பும். அந்தக் கொய்யா எனக்கு வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன்.

"எப்டி முடிவு பண்ணுவீங்கோ?" என்று கேட்டேன்.

"எந்தக் கடைக்கு வர்றவங்களுக்கு இது பிடிக்குதோ, அங்க கொடுப்போம். கடையில வச்சி சாம்பிள் தருவோம். அப்புறம் சில வீடுகளுக்குக் கொடுத்து, தினமும் சாப்பிட்டுச் சொல்லச் சொல்லுவோம். உங்க வீட்டையும் அதுல சேர்க்கிறேன்மா. பழ வியாபாரி குடும்பம்னா நுணுக்கமா சொல்லுவாங்கன்னு எங்க சார் நம்புறார்."

முதலில் கடையில் சாம்பிள் வைத்தாள். சின்னக் கிண்ணங்களில் இரண்டு இரண்டு துண்டு. வந்த பெண்களில் பாதிப் பேர் வாயில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டார்கள், வீட்டில் பிள்ளை இருக்கிறதாம். "இங்கயே சாப்பிட்டுச் சொல்லணும்மா" என்று இவள் கெஞ்ச, "சாயங்காலம் அவனைக் கேட்டுச் சொல்றேன்" என்று அவர்கள் நடையைக் கட்ட, எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. வேலப்பன்சாவடிக் காலேஜில் படிக்கிற பையன்கள் நாலு பேர் வந்தார்கள். ஒருத்தன் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யக்கா, மொளகாத்தூள் எங்கே?"

"மிளகாத்தூள் இல்லாம டேஸ்ட் பண்ணணும்ப்பா. அப்பத்தான் பழத்தோட ருசி தெரியும்" என்றாள் இவள்.

"மொளகாத்தூள் இல்லாம கொய்யா துன்றதுக்கு இன்னா எனக்கு ஜுரமா?" என்றான். மற்ற மூன்று பேரும் ஓவென்று சிரித்தார்கள். "மச்சான், இதுக்கு மார்க் போடணுமாம்டா."

என் கடையில் மிளகாய்த்தூள் டப்பா எப்போதும் இருக்கும். நான் எடுத்து நீட்டப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மிளகாய்த்தூள் போட்டால் கணக்கில் வராதாம். இங்கே எவனும் மிளகாய்த்தூள் இல்லாமல் கொய்யா தின்பதில்லை, அப்படியிருக்க அது இல்லாமல் தின்று பார்த்து என்ன கணக்கு எடுக்கப் போகிறாள்? சண்டை போட்டேன். அவள் டப்பாவை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

பிறகு வீட்டுக்கு ஒரு பெட்டி கொய்யா வந்தது. கூடவே ஒரு போனும் வந்தது. தினமும் சாப்பிட்டதும் அதில் மெத்து, கெட்டி, இனிப்பு, விதை என்று நாலைந்து கேட்கும். கடைசியில் வரிசையாக மூஞ்சிப் படம் வரும், பல்லைக் காட்டிச் சிரிக்கிற மூஞ்சியிலிருந்து அழுகிற மூஞ்சி வரை. நமக்கு எது தோன்றுகிறதோ அதை அழுத்த வேண்டும். நான் காலையில் மண்டி, அப்புறம் கடை. மகன் வேலைக்குப் போனால் விளக்கு வைத்துத்தான் வருவான். அதனால் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "யோவ், இது ஒன்னோட பொறுப்பு. தெனமும் துன்னுட்டு அழுத்து, மறக்காதே" என்றேன். ஃபேக்டரியில் இருந்தவர் அல்லவா, சொன்னதைச் சொன்னபடி செய்வார். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வேட்டியில் துடைத்துவிட்டு அழுத்துவதை நானே பார்த்திருக்கிறேன். நிம்மதியாக இருந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"அம்மா, உங்க வீட்டு பதில் மட்டும் யாரோடையும் ஒத்துப் போகல."

"ஏன், அழுவுற மூஞ்சியை அழுத்திட்டாரா?"

"இல்லம்மா, தினமும் சிரிக்கிற மூஞ்சிதான். ஆனா மத்த வீட்ல எல்லாம் கெட்டியா இருக்கு, விதை இல்லன்னு வருது. உங்க வீட்ல ரொம்ப மெத்து, ரொம்ப இனிப்பு, விதை அதிகம்னு வருது."

"வெதை அதிகமா? வெதையில்லாத பழத்துலயா?"

"அதான்மா எனக்கும் புரியல. எங்க தோட்டத்துல ஏதாவது கலந்துபோச்சோன்னு சார் பயப்படறார். நான் வீட்டுக்கு வந்து ஒருதடவை பார்க்கலாமா?"

பழத்தில்தான் ஏதோ கோளாறு, எங்கள் வீட்டு நாக்கு அதைக் கண்டுபிடித்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைதான். கடையைப் பக்கத்துப் பூக்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்காரர் அப்போதுதான் சாப்பிட்டு முடித்து ஹாலில் கொய்யாவோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் கடையில் அடிபட்டு, ஒரு பக்கம் கறுத்துப்போன பழம். கறுத்த இடத்தைக் குடைந்து எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போன் தயாராக இருந்தது.

"அது இன்னாய்யா பழம்?" என்றேன்.

"கொய்யா."

"தெரியுது. பொட்டிப் பழம் எங்கே?"

"அதெல்லாம் நல்லாருந்துச்சே. கடைக்கு அனுப்பிட்டேனே."

"கடைக்கா?"

"மருமவ ஒனக்கு மத்தியானச் சோறு எடுத்துக்கினு வருதே, அந்தப் பையில தெனம் கொஞ்சம் போட்டு அனுப்புவேன். நீதானே எடுத்து அடுக்குனே."

அந்தப் பெண் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். எங்கள் வீட்டில் நல்ல பழத்தை வெட்ட மாட்டோம். கடையில் அடிபட்டது, மெத்துப்போனது, தோல் சுருங்கியது, இவைதான் வீட்டுக்கு வரும். நல்லது ஒன்று தவறி வீட்டுக்கு வந்துவிட்டால் மறுநாள் கடைக்குத் திரும்பிப் போய்விடும். நான் போட்ட சட்டம் அது. பழம் விற்கிற எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம், இல்லாவிட்டால் கடையை நாமே தின்று தீர்த்துவிடுவோம். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கம்பெனிக்காரன் தின்று பார் என்று கொடுத்த பழத்துக்குமா அந்தச் சட்டம்? இந்த மனுஷருக்கு அது தோன்ற வேண்டாமா?

"அப்ப போன்ல இன்னாத்த அழுத்துனே?"

"இன்னிக்குச் சாப்ட்ட கொய்யா எப்டி கீதுன்னு கேட்டுது. சாப்ட்ட கொய்யாவைப் பத்திச் சொன்னேன். பொய் ஒண்ணும் சொல்லலியே."

மருமகள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்பினேன். "ஏன்டி, இவருக்குத்தான் வயசாயிடுச்சி. நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"அத்தை, நான் கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு நல்ல மாதுளையை உடைச்சிட்டேன்னு எத்தனை நாள் எங்கூடப் பேசாம இருந்தீங்க? மறந்துட்டீங்களா?" என்றாள். "அதுக்கப்புறம் இந்த வீட்ல பளபளன்னு ஒரு பழத்தைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்குது."

அந்த மாதுளை ஒரு பெரிய வீட்டுச் சீமந்தத்துக்காக எடுத்து வைத்தது. ஆனால் அதை விளக்கவா நேரம்? அந்தக் கொய்யாக்களை எடுத்து அடுக்கியது நான்தான். விற்றதும் நான்தான். ஒரு பெட்டி கம்பெனிக் கொய்யா என் இரண்டு கைகளுக்குள் புகுந்து போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தால் எவளுக்குத் தெரியும்?

"அம்மா, அது விற்கவே கூடாத பழம்" என்றாள் அந்தப் பெண். "இதை நான் ரிப்போர்ட்ல எழுதியாகணும். எழுதினா உங்க வீட்டை எடுத்துடுவாங்க. வீட்டோட உங்க கடையும் போயிடும்."

நான் அவளை விடவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். திட்டினேன். கெஞ்சினேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்குப் பக்கத்தில் போனேன். கடைசியில் அவள் ஆபீஸுக்குப் போன் பண்ணி, இந்தி, இங்கிலீஷ், தமிழ் மூன்றிலும் பேசினாள். நடந்ததை உள்ளபடி எழுதிக்கொள்வது, இன்னொரு பெட்டி கொடுப்பது, ஒரே ஒரு தடவை அவள் கண்முன்னால் குடும்பத்தோடு சாப்பிட்டுச் சொல்வது என்று முடிவானது. அதுதான் கடைசி.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மகன் அன்றைக்கும் டியூட்டி. நாங்கள் மூன்று பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். தட்டில் கொய்யாக்கள், ஒரு புள்ளிகூட இல்லாமல், மெழுகு பொம்மை மாதிரி. வீட்டுக்காரர் கத்தியை எடுத்தார். பழத்தைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். காம்புப் பக்கம் பார்த்தார், அடிப் பக்கம் பார்த்தார்.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீறே?"

"எங்கேந்து ஆரம்பிக்கறது?"

"இது இன்னா கேள்வி? வெட்டுய்யா!"

அவர் கேட்டதில் நியாயம் இருப்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக அவர் கத்தி முதலில் போவது அடிபட்ட இடத்துக்குத்தான். அதைச் சுற்றிக் குடைந்து எடுத்தால் மீதி தானாகத் துண்டாகிவிடும். இதில் அடிபட்ட இடமே இல்லை. கத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மனுஷர் தடுமாறினார். கடைசியில் மருமகள் வாங்கி வெட்டினாள்.

நான் துண்டு வாய்க்குள் போவதற்கு முன்பே சிரிக்கிற மூஞ்சியை அழுத்திவிட்டேன். மருமகள் சிரிக்கவும் சிரிக்காத, அழவும் அழாத நடு மூஞ்சியை அழுத்தினாள். அவள் எப்போதும் அப்படித்தான். வீட்டுக்காரர் மென்றார், மென்றுகொண்டே இருந்தார். அந்தப் பெண் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செங்காய் மாரி கீதும்மா" என்றார். "கடிச்சா கரக்குங்குது. இனிப்பு எங்கியோ உள்ளே கீது, வெளிய வரமாட்டேங்குது." போனை எடுத்தார். விரலைத் துடைத்தார். அழுகிற மூஞ்சிக்கு முந்தின மூஞ்சி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இருக்குமே, அதன் மேல் விரலைக் கொண்டுபோனார்.

"யோவ்! இன்னா பண்றே? மேல கீது பாரு சிரிக்கிற மூஞ்சி, அத்த அழுத்து!"

"எனக்குப் புடிக்கலியே."

"புடிச்சா இன்னா புடிக்காட்டி இன்னா? போர்டு வரப்போவுதுய்யா கடைக்கு! அழுத்து!"

"அம்மா, நீங்க சொல்லிக் கொடுக்கக் கூடாது" என்றாள் அந்தப் பெண்.

"நீ சும்மா இரும்மா. இது எங்க ஊட்டு விவகாரம்."

அவர் விரலை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமாக எல்லாம் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் எரிச்சல் ஏறியது அதனால்தான்.

"ஏம்மே, எனக்கு இன்னா புடிக்கும்னு இந்தப் பொண்ணு ஒண்ணுதான் என்னைக் கேட்டுது. ஒரே ஒரு தபா. அதுக்கும் நீயே பதில் சொல்லிடுவியா?"

அழுத்திவிட்டார்.

எனக்கு மண்டைக்கு ஏறியது. "அப்ப உனக்கு இன்னாதான் புடிக்கும்? மாவா, பலாவா, சீமையிலேர்ந்து எறக்கணுமா? சொல்லித் தொலை! அதையும் எழுதிக்கினு போவட்டும்!"

அவர் யோசித்தார். உண்மையாகவே உட்கார்ந்து யோசித்தார். "தெரியலியே" என்றார். "நல்லதா ஒண்ணுகூடத் துன்னு பார்த்ததில்லியே, எப்டித் தெரியும்?"

மருமகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இதையும் எழுதிக்கினியா?" என்றேன்.

"ஆமாம்மா. இதை எழுதாம விட முடியாது."

போர்டு வரவில்லை. அந்தப் பெண்ணே வந்து சொன்னாள், போனில் சொல்லவில்லை, அந்த மரியாதையை நான் ஒத்துக்கொள்கிறேன். என் கடைக்கு வருகிறவர்கள் பழுத்த கொய்யாதான் கேட்கிறார்களாம், மிளகாய்த்தூளோடு கேட்கிறார்களாம். அந்தக் கடைக்கு வருகிறவர்கள் வாங்கிப்போய் ஃபிரிட்ஜில் வைக்கக் கெட்டியான பழம் கேட்கிறார்களாம். அதனால் அங்கே.

"இங்க கொடுத்திருந்தா விக்காம தேங்கிப்போய் உங்களுக்குத்தான்மா நஷ்டம்."

"அழுவாத பழம்னு நீதானே சொன்னே? தேங்குனா இன்னா? சீசன் பூரா வச்சி வித்திருப்பேன்!"

ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனாள். மண்ணெண்ணெயில் குளித்த மாதிரி உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு.

இப்போது அந்தக் கொய்யா தெருமுனைக் கடையில் வலைத் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறது. வாங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் பழைய வாடிக்கைக்கார அம்மா ஒருத்தி அந்தக் கடைக் கவரோடு என்னிடமே வந்து, "ஒண்ணும் பெரிசா இல்லக்கா, ஆனா வெதை இல்ல" என்று நியாயம் சொன்னாள். பெரிசாக இல்லையென்றால் ஏன் வாங்குகிறாய் என்று கேட்டேன். சும்மாதான் என்றாள். இதை எந்தக் கம்ப்யூட்டரில் எழுதுவார்கள்?

இது போதாதென்று வீட்டுக்காரர் ஆரம்பித்திருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தினமும் சாயங்காலம் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்கு வருகிறார். குவியலுக்கு முன்னால் நின்று, ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கி, முகர்ந்து, வைத்துவிட்டு, வேறொன்றை எடுக்கிறார். இப்படி அமுக்குகிறவர்களை நான் கையில் அடித்து விரட்டியிருக்கிறேன். இவரை என்ன செய்வது? இருப்பதிலேயே நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து அங்கேயே நின்று தின்கிறார். சப்போட்டாவைத் தின்றுவிட்டு "சுமார்" என்றார், வாங்க வந்தவர்கள் காதில் விழுகிற மாதிரி. மாதுளைக்கு "கொட்டை ஜாஸ்தி" என்றார். "யோவ், யாவாரத்தைக் கெடுக்கத்தான் வந்தியா?" என்று கத்தினேன். "தேடிக்கினு கீறேன், சும்மா இரு" என்கிறார்.

நேற்று சீத்தாப்பழம் வந்திறங்கியது. முகப்புக்கு என்று ஒன்று வைத்திருந்தேன், குழந்தை தலை அளவுக்கு, பச்சை நிறத்தில் வெண்மை பூத்து. கூட்டம் நிற்கிற நேரம். வந்தார். நேராக அதை எடுத்தார். நான் பதறுவதற்குள் இரண்டாகப் பிட்டுவிட்டார். ஒரு சுளையை வாயில் போட்டுக் கொட்டையைப் பேப்பரில் துப்பினார். இன்னொரு சுளை. கண்ணை மூடிக்கொண்டார்.

அரைக் கிலோ கேட்டு நின்றிருந்த ஒரு பெண், "நல்லாருக்காண்ணா? இனிக்குதா?" என்றாள்.

"இரும்மா" என்று கையைக் காட்டினார். "இன்னும் முடியல."

அவள் நின்றாள். அவள் பின்னால் நின்றவர்களும் நின்றார்கள். திட்டுவதற்கு வாயைத் திறந்த நான், அவளுக்கு எடை போட எடுத்த பையைக் கையில் பிடித்தபடி, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அந்த மனுஷர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.